பழைய வீட்டுக் குழாய்த் தொல்லைகள்: சுவரை உடைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

எங்கள் வீடு குரோம்பேட்டையில் 1983-ல் கட்டியது. தாம்பரம், பல்லாவரம், நங்கநல்லூர் என்று சென்னையின் தெற்கே அந்தக் காலத்தில் எழும்பிய தனி வீடுகள் பலவற்றுக்கும் குழாய் விஷயத்தில் ஒரே ஜாதகம்தான். சுவருக்குள் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்), மொட்டை மாடியில் தொட்டி, கீழே சம்ப் அல்லது கிணறு, பிற்பாடு போட்ட போர் (ஆழ்துளைக் கிணறு), நடுநடுவே யாரோ ஒட்டுப்போட்ட பி.வி.சி. இருபது வருடமாக எங்கள் வீட்டிலும் தெருவில் நாலைந்து வீடுகளிலும் திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## கை வைப்பதற்கு முன்

மொட்டை மாடிக்குப் போய், தொட்டியிலிருந்து எத்தனை லைன் இறங்குகிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு வால்வையும் மூடி, கீழே எந்தக் குழாய் நிற்கிறது என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லி, வால்வுக்குப் பக்கத்துச் சுவரில் பெயின்டால் எழுதி வையுங்கள்: "சமையல்", "கீழ் பாத்ரூம்", "தோட்டம்". அரை மணி நேர வேலை. இது இருந்தால் நடுராத்திரியில் பைப் உடைந்தாலும் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்தத் தேவையில்லை. கீழே சொல்லியிருக்கும் சோதனைகளில் பாதிக்கு இந்த எழுத்துதான் ஆதாரம்.

அப்புறம், முப்பது நாற்பது வருட ஜி.ஐ. பைப்பில் அவசரப்பட்டு ரெஞ்சு வைக்காதீர்கள். வெளியே ஒரு நிப்பிளை, அதாவது இரு முனையிலும் மரையுள்ள குட்டிப் பைப்பை, திருகினால் அந்த முறுக்கு சுவருக்குள் இருக்கும் எல்போ (பைப் திரும்பும் இடத்தில் உள்ள முழங்கை இணைப்பு) வரைக்கும் போகும். மரை வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போயிருக்கும், பைப்பின் கனமும் குறைந்திருக்கும். துரு முதலில் தின்பது அங்கேதான். ஒரு ரெஞ்சால் பைப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருகுவதுதான் பாதுகாப்பு. இந்த மாதிரி வேலையைக் காலையில், ஹார்டுவேர் கடை திறந்திருக்கும் நாளில் ஆரம்பியுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேண்டவே வேண்டாம்.

## தண்ணீர் நூல் மாதிரி வருகிறது

முதலில் ஒரு கேள்வி: ஒரு குழாயிலா, ஒரு லைன் முழுவதுமா, வீடு முழுவதுமா?

### ஒரே ஒரு குழாயில் மட்டும்

குழாய் வாயில் வலை இருந்தால் கழற்றிப் பாருங்கள். துருத் துகளும் உப்புப் படிவும் அடைத்திருக்கும். இரவு முழுக்க வினிகரில் ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். வலை சுத்தமாக இருந்தும் வரவில்லை என்றால் கீழே இருக்கும் ஆங்கிள் வால்வைப் பாருங்கள். யாராவது துடைக்கும்போது பாதி மூடியிருக்கலாம். அதுவும் சரி என்றால் லைனை மூடி, குழாயின் மேல்பாகத்தைக் கழற்றி, வாஷர் சிதைந்து வழியை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு வரவில்லை என்றால் சுவரில் அந்தக் குழாய் மாட்டியிருக்கும் எல்போவில் துரு அடைத்திருக்கிறது. குழாயைக் கழற்றிவிட்டு ஒரு கம்பியால் மெதுவாகக் குத்தி எடுக்கலாம். கொஞ்ச நாள் ஓடும். நிரந்தர வழி பைப் மாற்றுவதுதான்.

### ஒரு லைனில் உள்ள எல்லாக் குழாயிலும்

மாடியில் அந்த லைனின் கேட் வால்வைத் திருகிப் பாருங்கள். சக்கரம் லேசாகச் சுற்றிக்கொண்டே இருந்து, கீழே எந்த மாற்றமும் இல்லையென்றால் உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று விழுந்து வழியை மறித்திருக்கிறது. பழைய வீடுகளில் நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான். பைப்பே அடைத்துவிட்டது என்று சொல்லி லைன் முழுவதையும் மாற்றக் கிளம்புவதற்கு முன் இந்த ஒரு வால்வைப் பார்த்துவிடுங்கள். மாற்றும்போது கால் சுற்றில் மூடித் திறக்கும் பால் வால்வாகப் போடச் சொல்லுங்கள்.

வால்வு நன்றாக இருந்தால் தொட்டியின் அடியில் சேறு சேர்ந்து வாயை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பைப்புக்குள் துருவும் உப்பும் படிந்து அரை இஞ்சு பைப் பென்சில் துளையாகியிருக்கிறது. இதைச் சுத்தம் செய்ய வழி கிடையாது. ஆசிட் ஊற்றிக் கழுவித் தருவதாகச் சொல்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மெலிந்த இடமெல்லாம் ஓட்டையாகும்.

மெதுவாகக் கூடும் அடைப்பைக் கண்டுபிடிக்க ஒரு பழக்கம் உதவும். ஒரு வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று வருடம் ஒருமுறை குறித்து வையுங்கள். பைப் எவ்வளவு சீக்கிரம் சுருங்குகிறது என்பதை அந்தக் கணக்கு சொல்லும்.

### தொட்டி காலியாகி மறுபடி நிரம்பிய பிறகு

நேற்று வரைக்கும் நன்றாக வந்தது, தொட்டி கழுவிய பிறகு வரவில்லை என்றால் லைனில் காற்று அடைத்திருக்கிறது. தொட்டி முழுக்க நிரம்பட்டும். அந்த லைனில் எல்லாக் குழாயையும் திறந்து, மிகத் தாழ்வான குழாயில் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். வரவில்லையென்றால் ஒரு ஓஸை அந்தக் குழாயில் மாட்டி, தண்ணீர் வரும் வேறொரு லைனின் குழாயோடு இணைத்து, இரண்டையும் திறந்து கீழிருந்து மேலே தள்ளுங்கள். மாடித் தொட்டியில் குமிழி விடும் சத்தம் கேட்டால் சரியாகிவிட்டது.

அடிக்கடி இப்படி ஆகிறது என்றால், மாடியில் வால்வுக்கு அடுத்தபடியாக ஒரு சின்ன பைப்பைத் தொட்டியின் மேல்விளிம்பை விட உயரமாக நிறுத்தச் சொல்லுங்கள். காற்று அது வழியாகப் போய்விடும்.

### வெந்நீர் மட்டும் குறைவு

கீசரின் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே போகும் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா, வலை அடைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதற்கு மேல் கீசர் ஆளின் வேலை. சூடாகும்போது பாதுகாப்பு வால்வில் சில சொட்டு வரும். அதை அடைத்துவிடாதீர்கள், அழுத்தம் வெளியேற இருக்கும் வழி அது.

### மாடி ஷவரில் மட்டும்

பத்து அடி உயரத்துக்குச் சுமார் 0.3 பார் அழுத்தம்தான் கிடைக்கும். தொட்டி ஷவருக்கு நாலடி மேலே இருந்தால் அது எப்போதுமே அப்படித்தான் வரும், கோளாறு இல்லை. இதற்காகப் பழைய ஜி.ஐ. லைனில் பிரஷர் பம்ப் மாட்டாதீர்கள். இதுவரை தாங்கிக்கொண்டிருந்த மரைகள் வரிசையாகக் கசிய ஆரம்பிக்கும். தொட்டியை உயர்த்துங்கள், இல்லையென்றால் பைப் மாற்றிய பிறகு பம்ப் போடுங்கள்.

## குழாய் சொட்டுகிறது

மூடிய பிறகும் வாயில் சொட்டினால் வாஷர். பழைய திருகு குழாய்க்கு ரப்பர் வாஷரை நீங்களே மாற்றலாம். புதிய வாஷர் போட்டும் சொட்டினால் அது உட்காரும் இடத்தில் விரலால் தடவுங்கள். சொரசொரப்பாக, பள்ளமாக இருந்தால் எத்தனை வாஷர் போட்டாலும் நிற்காது, குழாயை மாற்றிவிடுங்கள். இன்னும் இறுக்கி மூடுவதால் அந்தப் பள்ளம்தான் ஆழமாகும்.

திறந்திருக்கும்போது கைப்பிடியின் கழுத்தில் கசிந்தால், கழுத்து நட்டைக் கால் சுற்று இறுக்குங்கள். நிற்கவில்லையென்றால் அதற்குள் டெஃப்லான் நூல் சுற்றி மறுபடி இறுக்குங்கள். கால் சுற்றில் திறக்கும் புது மாதிரிக் குழாயில் வாஷர் கிடையாது. உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய் அதே பல் எண்ணிக்கையில் வாங்க வேண்டும்.

சுவரும் குழாயும் சேரும் இடத்தில் கசிந்தால் நில்லுங்கள். டெஃப்லான் தேய்ந்துபோனதாக இருக்கலாம், உள்ளே எல்போ வெடித்திருக்கவும் கூடும். பிளம்பர் வரும் நாளில் கழற்றுவது நல்லது.

## தொட்டி சீக்கிரம் காலியாகிறது, ஈரம் எங்கும் தெரியவில்லை

இரவு எல்லோரும் படுத்த பிறகு மோட்டாரை நிறுத்தி, தொட்டியில் ஒரு குச்சியை விட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் வாளி பிடிப்பதற்கு முன் மறுபடி அளவெடுங்கள். வழக்கமான 1000 லிட்டர் வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் எட்டிலிருந்து பத்து லிட்டர் போயிருக்கிறது என்று கணக்கு. இறங்கியிருந்தால் அடுத்த இரவு எல்லா வால்வையும் மூடிவிட்டுப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் தொட்டியிலோ வால்வுக்கு முன்னாலோ கசிவு. நின்றுவிட்டால் ஒரு இரவுக்கு ஒரு லைனாகத் திறந்துவிட்டு எது என்று பிடித்துவிடலாம். பழைய கேட் வால்வு முழுக்க மூடாது. மூடிய பிறகு கீழே குழாயைத் திறந்து சொட்டு நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் சோதனையே தப்பாகும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃப்ளஷ் டேங்க். அதில் நாலு துளி சொட்டு நீலம் விட்டு, கால் மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் இருங்கள். கோப்பையில் நீலம் இறங்கினால் அடி ரப்பர் போயிருக்கிறது. ஆனால் டேங்குக்குள் வழிந்தோடும் குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தால் மிதவையைச் சரிசெய்ய வேண்டும். இரண்டும் நாமே மாற்றக்கூடிய சாமான்தான்.

அடுத்த காரணம் பலருக்குத் தோன்றாது. சில பழைய வீடுகளில் மோட்டார் லைன் தொட்டியின் அடிப்பக்கத்தில் சேரும். அங்கே தண்ணீரைத் திரும்ப விடாமல் பிடிக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு பழுதானால், ராத்திரி முழுக்கத் தண்ணீர் வந்த வழியே சம்புக்குத் திரும்பிப் போகும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மூன்று மாதம் சுவர் சுவராகத் தேடினோம். சம்பின் மட்டம் காலையில் ஏறியிருப்பதை அந்த வீட்டம்மாதான் கவனித்துச் சொன்னார்கள். அதிலிருந்து நான் சம்பையும் சேர்த்து அளக்காமல் விடுவதில்லை.

## சுவரில் ஓதம், கூரையில் கறை

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். கறை தெரிகிற இடத்துக்கு நேர் மேலே கசிவு இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தண்ணீர் தளத்துக்குள் ஊர்ந்து வந்து, இடம் கிடைத்த இடத்தில் எட்டிப் பார்க்கும். எங்கள் ஹால் கூரையில் கறை வந்தபோது ஒரு பிளம்பர் சொன்னதை நம்பி மாடி பாத்ரூம் தரையை உடைத்தோம். பைப் அப்பழுக்கில்லாமல் இருந்தது. மொட்டை மாடித் தொட்டி வழியும்போது அந்தத் தண்ணீர் கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் இறங்கியிருக்கிறது. டைல்ஸ், கொத்தனார் கூலி, ஒரு வாரம் குளிக்க இடமில்லாத அவஸ்தை எல்லாம் சேர்ந்து கற்றுக்கொடுத்த பாடம்தான் கீழே இருக்கும் வரிசை.

### முதலில் காலத்தைக் கவனியுங்கள்

கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மழை பெய்தால் மட்டும் கோட்டைத் தாண்டினால் மாடித் தளம் அல்லது வெளிச்சுவர். பிளம்பரைக் கூப்பிட வேண்டாம். மழை, வெயில் என்று பார்க்காமல் ஒரே சீராகப் பெருகினால் எப்போதும் தண்ணீர் நிற்கும் சப்ளை லைன். விருந்தாளி வந்து எல்லோரும் குளித்த வாரத்தில் பெருகினால் கழிவு லைன் அல்லது பாத்ரூம் தரை. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குச் சுவர் நெடுக உப்புப் பூத்திருந்தால் நிலத்தின் ஈரம் ஏறுகிறது, குழாய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

### பிறகு பிரித்துச் சோதியுங்கள்

1. சந்தேகப்படும் பாத்ரூமின் லைனை மூடி, மூன்று நாள் பயன்படுத்தாமல் விடுங்கள். கறை நிற்கிறதா?
2. லைனை மட்டும் திறந்து, குழாயைத் தொடாமல் இரண்டு நாள். மறுபடி ஈரம் வந்தால் சப்ளை பைப்.
3. வரவில்லையென்றால் தரையில் தண்ணீர் போகும் துளையைத் துணிப் பந்தால் அடைத்து, ஒரு இஞ்சு உயரத்துக்குத் தண்ணீரை ஒரு நாள் நிறுத்துங்கள். ஈரம் வந்தால் டைல்ஸ் இடுக்கு அல்லது சுவரும் தரையும் சேரும் மூலை. இடுக்கைச் சுரண்டி மறுபடி நிரப்புவதே பல வீடுகளில் போதும்.
4. அதுவும் இல்லையென்றால் துணியை எடுத்து, துளைக்குள் நேராக வாளி வாளியாக ஊற்றுங்கள். இப்போது வந்தால் நாணி டிராப்பின் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்க, தரைத் துளைக்கு அடியில் வைத்திருக்கும் கிண்ணம்) இணைப்பு. இதற்கு மட்டும்தான் தரையை உடைத்தாக வேண்டும்.

ஒவ்வொரு படிக்கும் நடுவில் பொறுமை வேண்டும். மாடி பாத்ரூம்கள் பலவற்றில் தளத்தைத் தாழ்த்திச் செங்கல் ஜல்லி போட்டு நிரப்பியிருப்பார்கள். அது ஊறிய பஞ்சு மாதிரி வாரக்கணக்கில் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். கசிவை அடைத்த மறுநாளும் கூரை சொட்டினால் வேலை தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். பென்சில் கோட்டைப் பாருங்கள்.

சப்ளை பைப் என்று தெரிந்துவிட்டால், உடைப்பதற்கு முன் கைப்பம்ப் வைத்து பிரஷர் டெஸ்ட் செய்யும் பிளம்பராகப் பார்த்துக் கூப்பிடுங்கள். கறை ஸ்விட்ச் போர்டு அல்லது விளக்குப் புள்ளிக்குப் பக்கத்தில் இருந்தால் சோதனையெல்லாம் அப்புறம். அந்த மின்லைனை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள். கூரையில் காரை உப்பிக் கம்பி தெரிந்தால் கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டும்.

## காலையில் முதல் தண்ணீர் சிவப்பாக வருகிறது

வெள்ளை வாளி இரண்டு எடுங்கள். ஒன்றில் மாடித் தொட்டியிலிருந்து நேராக மொண்டு வையுங்கள், இன்னொன்றில் காலை முதல் குழாய்த் தண்ணீர். தொட்டித் தண்ணீர் தெளிவு, குழாயில் சிவப்பு என்றால் ஜி.ஐ. பைப் உள்ளே உதிர்கிறது. இரண்டும் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, ஒரு மணி நேரம் கழித்து மஞ்சளாகி அடியில் படிந்தால் போர் தண்ணீரிலேயே இரும்பு இருக்கிறது. பைப் மாற்றிப் பயனில்லை, தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள்.

துரு என்றால் பைப் மாற்றுவது எப்போது? என் கணக்கு இது: ஒரே லைனில் ஒரு வருடத்துக்குள் இரண்டாவது ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடுவதை நிறுத்திவிடுங்கள். முதல் ஓட்டைக்கு சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி கிளாம்ப் போட்டு, பிளம்பர் வரும்வரை ஓட்டலாம். எம்-சீல் ஈரமில்லாத பைப்பில்தான் பிடிக்கும். லைனை மூடித் துடைத்துக் காய்ந்த பிறகு வையுங்கள்.

புது லைன் போடும்போது பழையதைச் சுவரிலிருந்து பிடுங்க வேண்டாம். இரண்டு முனையையும் பிளக் போட்டு அடைத்துவிட்டு, சி.பி.வி.சி. (வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) லைனை வெளிச்சுவர் ஓரமாக இறக்கிவிடலாம். பார்க்கக் கொஞ்சம் அழகு குறைவு. ஆனால் அடுத்த முறை கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், உளி வேலை இல்லை. வெயில் படும் இடத்தில் பெயின்ட் அடித்துவிடுங்கள். பழைய ஜி.ஐ.யோடு சேர்க்கும் இடத்தில் பித்தளை மரை வைத்த அடாப்டர்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் மரையை இரும்பில் இறுக்கினால் விரிசல் விடும்.

## மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை

உம்ம் என்ற உறுமல் மட்டும், சுற்றவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். கெபாசிட்டர் போயிருக்கலாம், இல்லை தண்டு இறுகியிருக்கலாம். இரண்டுக்கும் எலக்ட்ரீஷியன். மின்சாரத்தை நிறுத்தினாலும் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும், தொடாதீர்கள்.

சம்ப் அல்லது கிணற்று மோட்டார் நன்றாகச் சுற்றியும் ஏறவில்லையென்றால் முதலில் கீழே தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மோட்டாரை நிறுத்தி, மேல் பிளக்கைத் திறந்து தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே போனால், உறிஞ்சு பைப்பின் அடி முனையில் தண்ணீரைத் திரும்ப விடாமல் பிடிக்கும் ஃபுட் வால்வில் கல்லோ குப்பையோ சிக்கியிருக்கிறது. நிரம்பி நிற்கிறது, ஆனாலும் இழுக்கவில்லை என்றால் உறிஞ்சு பைப்பின் இணைப்பில் காற்று ஏறுகிறதா என்று பாருங்கள்.

போர் மோட்டாரில் மே மாதம் தண்ணீர் விட்டு விட்டுக் காற்றோடு சீறி வந்தால் நீர்மட்டம் இறங்கியிருக்கிறது. தொடர்ந்து ஓட விட்டால் மோட்டார் கருகும். சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். மோட்டாரை மேலே தூக்குவது போர் ஆட்களின் வேலை.

## கழிவு நீர் இறங்கவில்லை, நாற்றம் அடிக்கிறது

அடைப்பே இல்லாமல் நாற்றம் மட்டும் என்றால், அதிகம் பயன்படுத்தாத பாத்ரூமின் தரைத் துளையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். டிராப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்து, வாயு மேலே வந்திருக்கும். அப்படியும் போகவில்லையென்றால் கழிவு லைனின் வாயு வெளியேற மேலே நிறுத்தியிருக்கும் வென்ட் பைப்பின் உச்சியில் குருவிக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள்.

சிங்க் மட்டும் என்றால் அடியில் இருக்கும் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுங்கள். எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் சேர்ந்து கட்டியிருக்கும். ஆசிட்டையும் அடைப்பு நீக்கும் தூளையும் ஒருபோதும் சேர்த்துப் போடாதீர்கள். ஏற்கனவே ஏதாவது ஊற்றியிருந்தால் வரும் ஆளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர் கண்ணைக் காப்பாற்றும்.

வீடு முழுக்க இறங்கவில்லை என்றால் வெளியே சேம்பர் (கழிவு லைன் நடுவே கட்டிய சின்னத் தொட்டி) மூடிகளை வீட்டிலிருந்து தெருவை நோக்கி ஒவ்வொன்றாகத் திறவுங்கள். நிரம்பிய சேம்பருக்கும் அடுத்த காய்ந்த சேம்பருக்கும் நடுவில்தான் அடைப்பு. மூங்கில் பத்தையைக் காய்ந்த பக்கத்திலிருந்து விட்டுக் குத்துங்கள். பத்தையின் நுனியில் வேர் நார் சிக்கி வந்தால், சிமென்ட் பூசி இணைத்த பழைய மண் குழாயின் இடுக்கில் வேப்ப மர வேர் நுழைந்திருக்கிறது; அந்தத் துண்டை மாற்ற ஆள் வேண்டும். எல்லா சேம்பரும் நிரம்பியிருந்தால் கோளாறு தெருச் சாக்கடையில். மாநகராட்சி அல்லது குடிநீர் வாரியத்தில் புகார் கொடுங்கள்.

செப்டிக் டேங்க் நிரம்பியிருந்தால் லாரி மட்டும்தான் வழி. மூடியைத் திறந்து குனிந்து பார்ப்பதோ தீக்குச்சி கிழிப்பதோ கூடாது. உள்ளே இருக்கும் வாயு நொடியில் ஆளை மயக்கும். பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் மனிதரை அதற்குள் இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. லாரியோடு வந்தவரே "நான் இறங்கிச் சுரண்டித் தருகிறேன் சார், கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள்" என்று கேட்டாலும் சம்மதிக்காதீர்கள். ஓஸ் எட்டாத கசடு அடியிலேயே கிடக்கட்டும்.